பொம்மை இரயில் தந்த ஃபிராங்க் ஹார்ன்பி

பாலம் கட்டியவர்கள், கப்பல் செய்தவர்கள், நீராவி இயந்திரத்தை மேம்படுத்தியவர்கள் எனப் பொறியாளர்கள் பலரின் வாழ்க்கை வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். ஃபிராங்க் ஹார்ன்பி அந்த வரிசையில் வருபவர் அல்லர். அவர் பொறியியல் பயின்றவரும் அல்லர். இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு வணிகரிடம் கணக்கு எழுதி வந்தவர். ஆயினும், தம் பிள்ளைகளுக்காக அவர் செய்த விளையாட்டுப் பொருள், உலகின் பல நாடுகளில் பல இலட்சம் சிறுவர்களுக்கு இயந்திரங்களைப் பற்றிய முதல் பாடமாக அமைந்தது. அவர் பெயரைத் தாங்கிய பொம்மை இரயில்கள் இன்றும் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஹார்ன்பி 1863ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் ஹார்ன்பி உணவுப் பொருள் வணிகர். அக்காலத்தில் லிவர்பூல் உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. கப்பல்கள் வந்து நிற்கும் துறைகளும், சரக்குகளைத் தூக்கி இறக்கும் பாரந்தூக்கிகளும், புகை கக்கிச் செல்லும் இரயில்களும் அந்நகரின் அன்றாடக் காட்சிகள். நீராவி என்ஜின்கள் இழுத்த இரயில்களால் இரண்டு பெரிய நகரங்களை இணைத்த முதல் இருப்புப்பாதை, 1830ஆம் ஆண்டு லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையேதான் திறக்கப்பட்டது. இத்தகைய ஊரில் வளர்ந்த சிறுவனுக்கு இயந்திரங்கள் மீது ஆர்வம் பிறந்ததில் வியப்பில்லை.

சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் எழுதிய நூல் ஒன்று, சிறுவன் ஹார்ன்பியின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. வறுமையையும் தோல்வியையும் தாண்டித் தங்கள் முயற்சியில் வென்றவர்களின் கதைகள் அந்நூலில் இருந்தன. தாமும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற விருப்பம் அவருக்குள் வேரூன்றியது. ஆனால், வாழ்க்கை வேறு வழியில் சென்றது. 16 வயதில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்ட அவர், தந்தையின் கடையில் காசாளராக வேலைக்கு அமர்ந்தார். 1887ஆம் ஆண்டு கிளாரா என்ற பள்ளி ஆசிரியையை மணந்தார். ரோலண்ட், டக்ளஸ் என்ற இரு புதல்வர்கள் பிறந்தனர்.

1899ஆம் ஆண்டு ஹார்ன்பியின் தந்தை காலமானார். கடையும் மூடப்பட்டது. அப்போது ஹார்ன்பிக்கு வயது 36. குடும்பத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு அவர் மீது இருந்தது. லிவர்பூலில் இறைச்சி இறக்குமதி செய்துவந்த டேவிட் ஹியூ எலியட் என்பவரிடம் அவர் கணக்கராகச் சேர்ந்தார். பகலெல்லாம் கணக்குப் புத்தகம். வீடு திரும்பியபின் தகடும் கத்தரியுமாகப் பட்டறை வேலை. இதுவே அவருடைய அன்றாட வாழ்க்கையாயிற்று.

அந்தப் பட்டறை வேலை தம் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கியது. உலோகத் தகட்டை வெட்டிப் பாலம், வண்டி, பாரந்தூக்கி போன்ற பொம்மைகளைச் செய்தார். பிள்ளைகள் மகிழ்ந்தனர். ஆனால், ஒரு குறை அவரை உறுத்தியது. பாலத்துக்காக வெட்டிய தகடு பாலத்துக்கு மட்டுமே பயன்பட்டது. பாரந்தூக்கி வேண்டுமென்றால் மறுபடியும் புதிய தகடுகளை அளந்து, வெட்டி, துளையிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் வேலை முதலிலிருந்து தொடங்கியது.

ஒரே துண்டுகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்த வழி உண்டா? இந்தக் கேள்விக்கான விடை, இரயில் பயணம் ஒன்றின்போது தமக்குத் தோன்றியதாக ஹார்ன்பி பின்னாளில் எழுதினார். விடை மிகவும் எளிமையானது. எல்லாத் தகட்டுப் பட்டைகளும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். அவற்றில் இடப்படும் துளைகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் அமைய வேண்டும். அப்படி இருந்தால் எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் நட்டு, போல்ட் கொண்டு இணைக்கலாம். வேண்டாதபோது கழற்றி, வேறொன்றைச் செய்யலாம்.

துளைகளுக்கு இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், என்ற அளவை அவர் வகுத்தார். அதே துளைகளின் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தினால் அது சக்கரத்துக்கு அச்சாகவும் பயன்பட்டது. ஆக, ஒரு பெட்டியில் உள்ள சில துண்டுகளைக் கொண்டே இன்று பாலமும் நாளை வண்டியும் மறுநாள் பாரந்தூக்கியும் செய்ய முடிந்தது. எண்ணம் எளிது, அதைச் செயற்படுத்துவது எளிதாக இல்லை. துளைகளின் இடைவெளி சிறிது பிசகினாலும் பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தா. கடைகளில் கிடைத்த நட்டும் போல்ட்டும் இதற்கு ஏற்றவையாக இல்லை. எனவே, தொடக்கத்தில் அவற்றையும் ஹார்ன்பி தம் கையாலேயே செய்தார்.

தம் கண்டுபிடிப்பு பிறர் கைக்குப் போய்விடாமல் இருக்க அதற்குக் காப்புரிமை பெற வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதற்கான பணம் அவரிடம் இல்லை. தம் முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் பெற்று, 1901ஆம் ஆண்டு ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கடன் கொடுத்ததோடு எலியட் நிற்கவில்லை. தம் அலுவலகத்துக்கு அடுத்திருந்த காலி இடத்தை ஹார்ன்பியின் வேலைக்காகக் கொடுத்தார். பின்னர், இருவரும் பங்காளிகளாயினர்.

இந்த விளையாட்டுப் பொருள் முதலில் ‘இயந்திரவியல் எளிது’ என்று பொருள்படும் பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு தகரப் பெட்டியில் 16 வகைத் துண்டுகளும், 12 பொம்மைகளைச் செய்யும் முறையை விளக்கும் தாளும் இருந்தன. ஆனால், வணிகர்கள் அதை ஆவலோடு வாங்கவில்லை. அது பார்க்க அழகாக இல்லை என்பது ஒரு காரணம். தயாரிப்பதற்கு ஆன செலவும் அதிகம். 1903ஆம் ஆண்டில் 1,500 பெட்டிகள் விற்றபோதும் இலாபம் கிடைக்கவில்லை.

இந்நிலையில் ஹார்ன்பி ஒரு நல்ல காரியம் செய்தார். பொம்மையை அறிஞர்களிடம் கொண்டுசென்றார். லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் துறைக்குத் தலைமை வகித்த பேராசிரியர் ஹென்றி ஹீல்-ஷா அதைப் பாராட்டினார். பொறியியலின் அடிப்படைகளை இப்பொம்மை வழியாகக் கற்கலாம் என்ற எண்ணம் பெற்றோரிடமும் வணிகரிடமும் மெல்லப் பரவியது. புதிய துண்டுகள் சேர்ந்தன. செய்முறை விளக்கங்களும் விரிந்தன. சிறிய பெட்டி வைத்திருப்பவர் துணைப் பெட்டி ஒன்றை வாங்கிச் சேர்த்தால் அடுத்த பெரிய பெட்டியின் நிலையை அடையலாம் என்ற ஏற்பாடும் வந்தது. ஏழைச் சிறுவனும் சிறுகச் சிறுகச் சேர்க்க இதனால் வழி பிறந்தது. ஒருவழியாக, 1906ஆம் ஆண்டின் முடிவில் சிறு இலாபம் கிட்டியது.

அடுத்த ஆண்டு ஹார்ன்பி கடினமான முடிவு ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. துண்டுகளைச் செய்து கொடுத்த பட்டறைகளால் தேவையை ஈடுகட்ட இயலவில்லை. தாமே தொழிற்கூடம் அமைத்தால் ஒழிய வணிகம் வளராது. தொழிற்கூடத்தை நடத்த வேண்டுமானால் கணக்கர் வேலையை விட வேண்டும். அப்போது அவருக்கு வயது 44. மாதந்தோறும் கைக்கு வரும் சம்பளத்தை விட்டுவிட்டு, சிறு இலாபம் மட்டுமே கண்ட ஒரு பொம்மையை நம்பி இறங்குவதா? குடும்பம் என்னாகும்? தயங்குவதற்குக் காரணங்கள் பல இருந்தும் ஹார்ன்பி வேலையை விட்டார். லிவர்பூலின் டியூக் தெருவில் ஓர் இடத்தை மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கித் தயாரிப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டே ‘மெக்கானோ’ என்ற புதிய பெயரையும் பதிவு செய்தார்.

1908ஆம் ஆண்டு மெக்கானோ நிறுவனம் உருவானது. ஆனால், 5 பவுண்டு கொடுத்து உதவிய எலியட் அந்நிறுவனத்தில் சேரவில்லை. முழுப் பொறுப்பும் ஹார்ன்பியின் தோளில் விழுந்தது. சில ஆண்டுகளிலேயே மெக்கானோ பல நாடுகளுக்கு ஏற்றுமதியானது. 1914ஆம் ஆண்டு லிவர்பூலின் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916ஆம் ஆண்டு ‘மெக்கானோ மேகசின்’ என்ற இதழ் வெளிவரத் தொடங்கியது. பொம்மைகளைப் பற்றி மட்டுமன்றிப் பாலங்கள், கப்பல்கள், இரயில்கள் பற்றியும் அது சிறுவர்களுக்கு எடுத்துரைத்தது.

முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டனில் விற்ற பொம்மை இரயில்களில் பல ஜெர்மனியில் செய்யப்பட்டவை. போர் வந்ததும் அந்த வரத்து நின்றது. போர் முடிந்த பின்னும் ஜெர்மானியப் பொருள்களை வாங்க மக்கள் தயங்கினர். இந்த வாய்ப்பை உணர்ந்த ஹார்ன்பி, 1920ஆம் ஆண்டு தம் பெயரிலேயே பொம்மை இரயிலை வெளியிட்டார்.

அது சாவி கொடுத்தால் ஓடும் இரயில். என்ஜினின் உள்ளே சுருள்வில் ஒன்று இருக்கும். சாவியைத் திருகும்போது வில் இறுகி ஆற்றலைச் சேமிக்கும். விட்டவுடன் வில் மெல்ல விரிந்து, பற்சக்கரங்கள் வழியாக என்ஜினின் சக்கரங்களைச் சுழற்றும். இதுபோன்ற இரயில்கள் முன்பே இருந்தன. ஹார்ன்பியின் என்ஜினில் புதுமை என்னவென்றால், அது மெக்கானோவைப் போலவே நட்டும் போல்ட்டும் கொண்டு இணைக்கப்பட்டிருந்தது. சிறுவர்கள் அதைக் கழற்றலாம், உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், மீண்டும் பூட்டலாம். ஒரு துண்டு கெட்டுப்போனால் அதை மட்டும் தனியே வாங்கி மாற்றலாம். பிற்காலத்தில் தயாரிப்புச் செலவைக் குறைக்க இம்முறை கைவிடப்பட்டாலும், உதிரிப் பாகங்களை விற்கும் வழக்கமும் பழுதுபார்த்துத் தரும் வழக்கமும் தொடர்ந்தன.

இந்த இரயில்கள் ஓடிய தண்டவாளத்தின் இரு கம்பிகளுக்கும் இடையே 32 மில்லிமீட்டர் தூரம் இருந்தது. உண்மையான பிரிட்டிஷ் இருப்புப்பாதையில் அந்தத் தூரம் 1,435 மில்லிமீட்டர். 1923ஆம் ஆண்டு பிரிட்டனின் பெரும்பாலான இரயில் நிறுவனங்கள் நான்கு பெரும் நிறுவனங்களாக இணைந்தபோது, அவற்றின் நிறங்களிலேயே ஹார்ன்பியின் என்ஜின்களும் வந்தன. தம் ஊர் வழியே ஓடும் இரயிலின் நிறத்தையே தன் வீட்டுத் தரையில் காணும்போது ஒரு சிறுவன் எவ்வளவு மகிழ்ந்திருப்பான்! நிலையங்கள், கைகாட்டிகள், பாலங்கள், சரக்குப் பெட்டிகள் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1925ஆம் ஆண்டு மின்சாரத்தால் ஓடும் இரயிலும் வந்தது. 1928ஆம் ஆண்டு, இரயில் வைத்திருக்கும் சிறுவர்களுக்கென ஒரு சங்கமும் தொடங்கப்பட்டது.

மெக்கானோவை விளையாட்டுப் பொருளாக மட்டும் யாரும் கருதவில்லை. 1934ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ட்ரீ, ஆர்தர் போர்ட்டர் ஆகிய இருவரும் கடினமான கணிதச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் ஒன்றைப் பெரும்பாலும் மெக்கானோ துண்டுகளைக் கொண்டே செய்தனர். மின்னணுக் கணினி இல்லாத காலத்தில் அது ஆராய்ச்சிக்கு உதவியது. பிள்ளைகளுக்காகத் தகடு வெட்டிய ஒருவரின் எண்ணம் ஆய்வுக்கூடம் வரை சென்றது.

1931ஆம் ஆண்டு ஹார்ன்பி லிவர்பூலின் எவர்ட்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிறுவனத்தின் அன்றாட வேலைகளைப் பிறரிடம் ஒப்படைத்தார். 1935ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், தம் 73ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவருக்குப் பின் மூத்த மகன் ரோலண்ட் நிறுவனத்தின் தலைவரானார். எந்தப் பிள்ளைகளுக்காக அந்த முதல் பட்டைகள் வெட்டப்பட்டனவோ, அவர்களுள் ஒருவர்தாம் அவர்!

1938ஆம் ஆண்டு, முன்னதைவிட ஏறக்குறையப் பாதி அளவில், 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடும் சிறிய இரயில்களை நிறுவனம் வெளியிட்டது. சிறிய வீடுகளிலும் அவற்றை விரித்து விளையாட முடிந்தது. பின்னர் நிறுவனம் பலர் கைக்கு மாறியது. 1979ஆம் ஆண்டு பின்ஸ் சாலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயினும், ஹார்ன்பி என்ற பெயரில் மாதிரி இரயில்கள் இன்றும் விற்பனையாகின்றன.

ஹார்ன்பியின் காலத்து என்ஜின்கள் இன்று பழைய பொருள்களாகக் கைமாறுகின்றன. புதிதாக இத்துறையில் ஆர்வம் கொள்பவர்கள், குறைந்த செலவில் தொடங்க எண்ணிப் பழைய என்ஜினை நாடுவது உண்டு. அவ்வாறு வாங்குபவர் சிலவற்றைக் கவனித்தல் நலம்.

முதலாவது, அளவு. 32 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்குரிய என்ஜின் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடாது. பெட்டியின் மேல் ஹார்ன்பி என்ற பெயர் இருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இரண்டாவது, சுருள்வில். என்ஜினைக் கையில் பிடித்துக்கொண்டு சாவியைச் சில சுற்றுகள் மட்டும் திருகிப் பார்க்க வேண்டும். வில் நன்றாக இருந்தால் திருகத் திருகக் கைக்கு இறுக்கம் தெரியும். எவ்வளவு திருகினாலும் இறுக்கமே இல்லை என்றால் வில் அறுந்திருக்கலாம். விட்டவுடன் சக்கரங்கள் சீராகச் சுழல வேண்டும். விட்டுவிட்டுச் சுழன்றால், பழைய எண்ணெய் பிசுபிசுத்துப் போயிருக்கலாம் அல்லது பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். முன்னதைச் சுத்தம் செய்தால் சரியாகும். பின்னதற்கு மாற்றுப் பாகம் வேண்டும்.

மூன்றாவது, சக்கரங்கள். 1930களில் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்ட சில சக்கரங்களில் ஈயம் போன்ற வேற்றுப்பொருள் சிறிதளவு கலந்துவிட்டது. அதனால் காலப்போக்கில் உலோகம் உப்பி, வெடித்து, உதிர்கிறது. வெளியில் வண்ணம் பளபளத்தாலும், சக்கரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அந்த என்ஜின் நெடுநாள் ஓடாது. சக்கரத்தை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே விலை பேச வேண்டும்.

நான்காவது, மின்சாரம். மின் என்ஜின்களுக்கு மூன்று கம்பிகள் கொண்ட தண்டவாளம் தேவை. 1925ஆம் ஆண்டு வந்த முதல் மின் இரயில், மின்விளக்கு ஒன்றை இடையில் இணைத்து, வீட்டு மின்சாரத்திலேயே ஓடியது. இன்று அதை அப்படி ஓட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்தாகும். தொடக்க நிலையினருக்குச் சாவி கொடுத்து ஓட்டும் என்ஜினே ஏற்றது.

பழைய என்ஜின் என்றால் சிறு கீறல்களும் வண்ணம் உரிந்த இடங்களும் இருக்கத்தான் செய்யும். பொருளைச் சேகரித்து வைப்பவருக்கு அவை குறையாகத் தோன்றலாம். ஓட்டிப் பார்த்து மகிழ விரும்புபவருக்கு அவை பொருட்டல்ல. விலையும் அதனால் குறையும். மேலும், இந்த என்ஜின்களைப் பிரித்துப் பார்க்க முடியும். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த என்ஜினுக்குக்கூட மாற்றுச் சுருள்வில்லும் சக்கரமும் செய்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கெட்ட பாகத்தை மாற்றினால் போதும். முழுப் பொருளையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஒரே அளவில் துளையிட்ட பட்டைகளைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஹார்ன்பி பின்பற்றிய கொள்கை இதுவே. ஒரு பொருளைப் பிரிக்க முடிந்தால் அது எப்படி இயங்குகிறது என்று அறியலாம். அறிந்தால் அதைச் சீராக்கலாம். அதைக் கொண்டு புதியதையும் படைக்கலாம். அவர் பட்டம் பெற்றவர் அல்லர். செல்வத்தோடு பிறந்தவரும் அல்லர். தம் வேலையில் கண்ட ஒரு குறையை அலட்சியம் செய்யாமல், விடை கிடைக்கும்வரை அதைப் பற்றிச் சிந்தித்தவர். 5 பவுண்டு கடனில் தொடங்கிய அம்முயற்சி இலாபம் காண ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் மனம் தளர்ந்து கைவிட்டிருந்தால், மெக்கானோவும் பிறந்திருக்காது. ஹார்ன்பி இரயிலும் ஓடியிருக்காது.